உருண்டை மேல விழற துணி வேற, இடுப்புல நிக்கிற புடவை வேற

கம்ப்யூட்டர்ல துணி சிமுலேஷன் சொல்லித்தர்ற எல்லா வீடியோலயும் ஒரு உருண்டை. அது மேல ஒரு சதுரத் துணி வந்து விழும். நாலு மூலையும் அழகா தொங்கும். "அவ்ளோதான், துணி ரெடி"ன்னு முடிச்சிடுவாங்க. இன்னும் கொஞ்சம் தேடினா ஒரு டி-சர்ட் வரும். அதுக்கு மேல தேடினா ஒரு கவுன்.

புடவை எங்கங்க?

சமீபத்துல ஒரு தளத்துலேர்ந்து "தென்னிந்தியப் பெண்"னு பேர் போட்ட ஒரு முப்பரிமாண உருவத்தை இறக்கிப் பாத்தேன். முந்தாணி வலது தோள்ல கிடக்கு. கொசுவம் வலது பக்கம் பாத்து நிக்குது. இடுப்புல எதுவுமே சொருகல. பாவாடையையும் துண்டையும் ஒண்ணா ஒட்டி வெச்சிருக்காங்க. எங்க தெருவுல அஞ்சு வயசுப் பொண்ணு அம்மா புடவையை எடுத்து விளையாட்டுக்குச் சுத்திக்கிட்டா கூட இதைவிட ஒழுங்கா சுத்திக்கும்.

கோவம் வந்துடுச்சு. அந்தக் கோவத்துல எழுதற பதிவு இது. நீளமாத்தான் போகும், இப்பவே சொல்லிடறேன்.

நான் இருக்கிறது குரும்பகரம். காரைக்கால்ல, நெடுங்காடு பக்கம். எங்க ஊர்க்காரங்களுக்கு ஆனி மாசம்னா மாங்கனித் திருவிழாதான். காரைக்கால் அம்மையாருக்கும் பரமதத்தனுக்கும் திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா, மாடியிலேர்ந்தும் வாசல்லேர்ந்தும் மாம்பழம் இறைக்கிறது, அதைப் புடிக்க ஒரு கூட்டம் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது. (மாம்பழம் தலையில விழுந்து வாங்கிக்கிட்ட அனுபவம் இருக்கறவங்களுக்குத் தெரியும், அதுலயும் ஒரு சந்தோஷம் இருக்கு.) அந்த அம்மையார் கதையில ஒரு சின்னக் காட்சியை அனிமேஷன் பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. புருஷன் கடையிலேர்ந்து ரெண்டு மாம்பழம் குடுத்தனுப்பியிருக்கான். வாசல்ல ஒரு சிவனடியார் பசியோட வந்து நிக்கிறார். புனிதவதி, அதாவது அம்மையார், தயிர்சாதமும் ஒரு மாம்பழமும் எடுத்துட்டு வந்து, குனிஞ்சு இலையில போடறா.

அவ்வளவுதான் காட்சி. அம்மையார் பின்னாடி எடுத்த பேயுருவம் எல்லாம் வேண்டாம். குனியற ஒரு பொண்ணு, அவ கட்டியிருக்கற புடவை.

புடவைன்னா எந்தப் புடவை? கூறைப்புடவைன்னு முடிவு பண்ணேன். மாயவரத்துக் கூறைநாட்டுல நெய்யறது. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு, இந்தப் பக்கத்துக் கல்யாணங்கள்ல தாலி கட்டறப்போ உடுத்தற புடவை. ஆறாம் நூற்றாண்டுல ஆறு கஜமும் இந்தக் கட்டும் ஏதுன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா திருவிழாவுல நான் பாக்கற அம்மையார் பட்டுடுத்தி நிக்கிற அம்மையார். நான் அவளைத்தான் வரையறேன்.

இனி மெஷின். வீட்டுல இருக்கறது கோர் 2 டுவோ, 4 ஜிபி ராம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 7. அனிமேஷன் மென்பொருள் பிளெண்டர், இலவசம்ங்கறதால அது. ஆனா 2019-ல வந்த 2.80 பதிப்புலேர்ந்து ஓப்பன்ஜிஎல் 3.3 கேக்கும், என் மெஷின்ல திறக்கவே திறக்காது. அதனால அதுக்கு முன்னாடி 2017-ல வந்த 2.79.

"இதுல போய் துணி சிமுலேஷனா?"ன்னு சிரிச்சவங்க உண்டு. அவங்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, பிளெண்டர்ல துணிக் கணக்கை கிராஃபிக்ஸ் கார்டு போடறதே இல்ல. முழுக்க பிராசஸர் வேலை. கார்டு இல்லையேன்னு துணி விஷயத்துல யாரும் கவலைப்படவே வேண்டாம்.

ரெண்டாவது, "பழசு"ன்னா எதோட ஒப்பிட்டு? ஜெர்ரி வெய்ல் 1986-லயே சிக்ராஃப் மாநாட்டுல கம்ப்யூட்டர்ல துணியைத் தொங்கவிட்டுக் காட்டிட்டாரு. ரெண்டு புள்ளியில பிடிச்ச கயிறு எந்த வளைவுல தொங்குமோ அந்த வளைவுகளைக் கோத்து துணியாக்கினாரு. 1995-ல பிரான்ஸ்ல சேவியர் ப்ரொவோ, துணியைப் புள்ளியும் ஸ்பிரிங்குமா கட்டினா ரப்பரா இழுபடுதேங்கற பிரச்சினைக்கு ஒரு வழி சொன்னாரு. 1997-ல பிக்ஸார் எடுத்த 'கெரீஸ் கேம்' குறும்படத்துல செஸ் ஆடற தாத்தா போட்டிருந்த கோட்டு சிமுலேஷன் துணிதான். 1998-ல டேவிட் பராஃபும் ஆண்ட்ரூ விட்கினும் எழுதின கட்டுரைதான் இன்னைக்கு வரைக்கும் எல்லாருக்கும் பாடம். இவங்க ரெண்டு பேருக்கும் மைக்கேல் காஸுக்கும் 2006-ல ஆஸ்கார் அமைப்பு தொழில்நுட்ப விருதே குடுத்துச்சு. அவங்க அன்னைக்கு உக்காந்து வேலை பாத்த மெஷினைவிட என் மேஜையில இருக்கறது எவ்வளவோ வேகம். அவங்களால முடிஞ்சது நம்மால ஏன் முடியாது?

சரி, புடவைக்குப் போவோம்.

துணிங்கறது கம்ப்யூட்டருக்கு ஒரு வலை. புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி ஸ்பிரிங். நேரா ஒரு ஸ்பிரிங், குறுக்கா ஒண்ணு, மடியறதைத் தடுக்க ஒண்ணு. புவியீர்ப்பு கீழ இழுக்கும், ஸ்பிரிங் பிடிச்சுக்கும், உடம்பு தடுக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இந்த இழுபறியைக் கணக்குப் போட்டு எல்லாப் புள்ளியையும் நகத்தணும். இதுல வில்லங்கம் என்னன்னா, நிஜத் துணி மடியறதுக்கு உடனே மடியும், ஆனா நீளறதுக்கு லேசுல நீளாது. அந்த நீளாத குணத்தைக் கொண்டுவரணும்னா ஸ்பிரிங்கை விறைப்பா வெக்கணும். விறைப்பு ஏறினா, நேரக் கணக்குல ஒரு பெரிய அடி எடுத்து வெச்சாலும் மொத்தத் துணியும் வெடிச்சு ஆகாசத்துக்குப் போயிடும். அதனால ரொம்பச் சின்னச் சின்ன அடியாதான் வெக்கணும். பராஃபும் விட்கினும் பண்ண சாதனையே, வெடிக்காம பெரிய அடி எடுத்து வெக்கறது எப்படின்னு காட்டினதுதான்.

இப்போ நம்ம புடவையை இதுல போடுவோம். நீளம் 5.5 மீட்டர், அகலம் 1.15 மீட்டர்னு வெச்சுக்குங்க. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளின்னா 63,000 புள்ளிக்கு மேல. ரெண்டு சென்டிமீட்டர்னா சுமார் 16,000. அஞ்சு சென்டிமீட்டர்னா 2,500 சொச்சம். என் மெஷின் 2,500-ஐ நல்லா தாங்கும். 16,000-க்கு முனகும். 63,000-ஐ நினைச்சுப் பாக்கவே வேண்டாம்.

அப்போ அஞ்சு சென்டிமீட்டர்லயே போட்டுடலாமே?

கொசுவம்ங்க. கொசுவம்!

ஒரு மடிப்பு சுமார் 12 சென்டிமீட்டர். அதுல அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளின்னா ஒரு மடிப்புக்கு ரெண்டே கட்டம்தான் வரும். அது மடியாது. நெளியும். கொசுவம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வீக்கம் இருக்கும். உருண்டை மேல துணியைப் போட்டுக் காட்டறவங்க யாருக்கும் இந்தக் கஷ்டம் வராது. ஏன்னா அந்தத் துணி தானா விழுது. புடவை தானா விழறதில்ல. அதை ஒருத்தி கட்டறா.

இந்த இடத்துலதான் எங்க அத்தை வந்தாங்க.

அத்தை காலைல எழுந்து புடவை கட்டி முடிக்க ஆகற நேரம் ரொம்பக் கொஞ்சம். கண்ணாடியே பாக்க மாட்டாங்க. அவங்களை நிறுத்திவெச்சு, டேப்பை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கட்டமா அளந்தேன். தொப்புளுக்கு வலது பக்கத்துல முதல் சொருகு. இடது பக்கமா போய் முதுகைச் சுத்தி வலது பக்கம் வர்ற முதல் சுத்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கொசுவம் ஏழு மடிப்பு, அதுக்கு மட்டும் 1.75 மீட்டர். ரெண்டாவது சுத்து ஒரு மீட்டர். மிச்சம் 1.75 மீட்டர், மார்புக்குக் குறுக்கா போய் இடது தோள்ல ஏறி பின்னாடி விழுது.

"எதுக்குடி இதையெல்லாம் எழுதிக்கிற? கட்டத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் அத்தை. கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

"அதுக்கு முதல்ல பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்லு."

இதைக் கேட்டுட்டு நான் அப்படியே உக்காந்துட்டேன். எவ்வளவு சரியா சொன்னாங்க பாருங்க! தைச்ச துணியை நிறுத்தறது தையல். மார்வலஸ் டிசைனர் மாதிரி துணிக்குன்னே வந்த மென்பொருள்ல கூட, தையல்காரர் வெட்டற மாதிரி துண்டு துண்டா வெட்டி ஓரத்தோட ஓரம் சேத்துத் தைக்கணும். நம்ம புடவையில ஒரு தையல் கிடையாது. அதை நிறுத்தறது நாடாவோட இறுக்கமும், சொருகும், துணிக்கும் துணிக்கும் நடுவுல இருக்கற உராய்வும்தான். துறைமுகத்துல படகுக் கயித்தைக் கட்டையில ரெண்டு சுத்து சுத்திட்டா அவ்வளவு பெரிய படகை ஒரு ஆள் பிடிச்சு நிறுத்திடறாரே, அதே விஷயம்தான் நம்ம இடுப்புலயும் நடக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் பிடிமானம் பெருகிக்கிட்டே போகும்.

இந்த உராய்வைத்தான் சிமுலேஷன் மோசமா போடும். புடவையை நேர்மையா சுத்திவிட்டா ஒரு நூறு ஃப்ரேமுக்குள்ள மெதுவா நழுவி இறங்க ஆரம்பிச்சிடும். அதனால நாடா இருக்கற வட்டத்துல வர்ற புள்ளிகளை எல்லாம் 'பின்' பண்ணிடறது. அங்க கணக்கே வேண்டாம், உடம்போட சேந்து நகரட்டும். இதை ஏமாத்து வேலைன்னு நான் நினைக்கல. நிஜத்துலயும் அந்த வட்டம் அசையாது. அசைஞ்சா நாமளே பதறிப் போய் சரி பண்ணிப்போம்.

முதல் சுத்து வெளிய தெரியவே தெரியாது. தூக்கிட்டேன். ஒரு மீட்டர் மிச்சம்.

கொசுவத்துக்கு வழி கிடைச்சது கோயில்ல. உற்சவருக்குப் பட்டு சாத்தறதை எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா? சாமிக்குப் புடவையை நம்மள மாதிரி சுத்திக் கட்ட முடியாது. கொசுவத்தைத் தனியா மடிச்சு, விரலால நீவி, நூல்ல கட்டித் தயாரா வெச்சிருப்பாங்க. அப்புறம் இடுப்புல வெச்சுக் கட்டிட்டா, தூரத்துலேர்ந்து பாக்கற நமக்கு அம்மன் புடவை கட்டின மாதிரி இருக்கும். நானும் அதையேதான் பண்ணேன். கொசுவத்தை சிமுலேஷன்ல மடிக்கவே இல்ல. கையால ஏழு மடிப்பா வரைஞ்சு, இடது பக்கம் பாத்து வெச்சு, மேல் ஓரத்தை நாடாவோட பின் பண்ணிட்டேன். முட்டிக்குக் கீழ இருக்கறது மட்டும் ஆடட்டும்னு விட்டேன்.

இன்னொண்ணு. மடிப்பு மேலேர்ந்து கீழ நேர்கோடாதான் போகுது. அப்போ புள்ளிகளைக் குறுக்குல மட்டும் நெருக்கினா போதும், உயரத்துல அஞ்சு சென்டிமீட்டர் தாராளம். 1.75 மீட்டர் கொசுவத்துக்குக் குறுக்கால 140 வரிசை, உயரத்துல 23. அது 3,220 புள்ளி. வெளிச்சுத்தும் முந்தாணியும் அஞ்சு சென்டிமீட்டர் கட்டத்துல ஒரு 1,265. மொத்தம் 4,500-க்குள்ள முடிஞ்சுது. 63,000 எங்க, 4,500 எங்க! அப்புறம் சிமுலேஷனுக்கு மேல ஒரு சப்டிவிஷன் போட்டா முனையெல்லாம் வழவழன்னு ஆயிடும். கணக்கு சின்ன வலையில, பாக்கறது பெரிய வலை.

அடுத்த எரிச்சல், ரெடிமேட் அளவுகள். பிளெண்டர்ல பருத்தி, பட்டு, டெனிம், தோல், ரப்பர்னு அஞ்சு தயாரா இருக்கும். ஆசையா பட்டைத் தட்டினேன். கழுத்துல சுத்தற ஸ்கார்ஃப் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது! அவங்க நினைக்கிற பட்டு காத்துல மிதக்கற மெல்லிசுப் பட்டு. மடியறதுக்கு எதிர்ப்பு 0.05-தான் அதுல. பருத்திக்கு 0.5, பத்து மடங்கு. கூறைப்புடவை பருத்தி கலந்தது, நிமிந்து நிக்கும். அதனால பருத்தியில ஆரம்பிச்சு, இன்னும் கொஞ்சம் ஏத்தி, ஜரிகைக் கரை வர்ற புள்ளிகளைத் தனி குரூப்பா எடுத்து அதுக்கு மட்டும் கூடுதல் விறைப்பு குடுத்தேன். கரை விறைப்பா நின்னு உள்துணி மெத்துன்னு விழுந்த அந்த நிமிஷம் இருக்கே, மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

(கவனம்: அங்க போடற எடை மொத்தப் புடவைக்கு இல்ல, ஒவ்வொரு புள்ளிக்கும். புள்ளியை நெருக்கினா துணி கனமாயிடும், ரப்பரா இழுபடும். கொசுவத்துக்கும் நீளாத விறைப்பைக் கூட்ட வேண்டியிருந்தது அதுக்குத்தான்.)

உடம்புக்கும் துணிக்கும் நடுவுல இடைவெளின்னு ஒரு எண் இருக்கும். தானா வர்றது 0.015, அதாவது ஒண்ணரை சென்டிமீட்டர். புடவை உடம்பை விட்டுத் தள்ளி நிக்கும். அந்த எண்ணைக் குறைச்சா கணக்கு ஏறும், மெஷின் திணறும். அதுக்குப் பதிலா உள்ள மோதறதுக்குன்னு இன்னொரு உடம்பு செஞ்சேன். ஒண்ணரை சென்டிமீட்டர் ஒல்லியா. விரல் வேண்டாம், காது வேண்டாம், மூக்கு வேண்டாம். துணி அந்த ஒல்லி உடம்பு மேல உக்காரும், கண்ணுக்குத் தெரியறது நிஜ உடம்பு. ஒரு பைசா செலவில்லாம இடைவெளி மறைஞ்சுது. வலது கையை மோதல் கணக்குலேர்ந்தே எடுத்துட்டேன். அக்குள்ல துணி ரெண்டு பக்கமும் நசுங்கினா அங்கதான் வெடிக்கும்.

இவ்வளவும் பண்ணியும் ஒரு இடம் ஒத்துக்கவே மாட்டேன்னுது. முந்தாணி.

புனிதவதி குனியறா. முந்தாணி முன்னாடி சரிஞ்சு இலை மேல விழுது. தோள்ல பின் போட்டாலும் பின்னாடி தொங்கறது சுத்திக்கிட்டு முன்னாடி வருது. எடையை ஏத்திப் பாத்தேன், புள்ளியைக் கூட்டிப் பாத்தேன். ராத்திரி கணக்குப் போட விட்டுட்டுப் படுத்தா, காலைல எழுந்து பாக்கறப்போ முந்தாணி தயிர்சாதத்துல கிடக்கும்.

அத்தைகிட்ட திரையைக் காட்டினேன். ஒரு தடவைதான் பாத்தாங்க.

"யாருடி முந்தாணியைத் தொங்கவிட்டுக்கிட்டு பரிமாறுவா? இழுத்து இடுப்புல சொருகச் சொல்லு அவளை."

அடடா.

ஆமாங்க! எந்த வீட்டுல, எந்தப் பந்தியில முந்தாணியைத் தொங்கவிட்டுக்கிட்டு சோறு போடறாங்க? அடுப்படிக்குள்ள நுழையறப்பவே கை தானா போய் முந்தாணியை முதுகுப் பக்கமா இழுத்து, வலது இடுப்புல சொருகிக்கும். புடவையில பாதி அழகே அந்தச் சொருகலதான் இருக்கு. வேலை செய்யற பொண்ணோட அழகு அது. சொருகினேன். அந்த முனையையும் பின் பண்ணேன். ஆடற துணி பாதியா குறைஞ்சுது, ராத்திரி முழுக்க ஓடினது சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சுது. அதைவிட, திரையில அவ ஒரு பொம்மையா இல்ல. வீட்டுல வேலையா இருந்தவ, வாசல்ல குரல் கேட்டு சட்டுன்னு வந்திருக்கான்னு பாத்தவுடனே தெரியுது.

இதுதான் எனக்கு இந்த வேலையில கிடைச்ச பெரிய சந்தோஷம். அதனால அழுத்தியே சொல்றேன். நல்ல கார்டு இல்லையே, புது மெஷின் இல்லையேன்னு ஏங்கறதுக்கு முன்னாடி, புடவை கட்டறவங்களை உக்காந்து பாருங்க. நடக்கறப்போ இடது கை கொசுவத்தை எப்படித் தூக்குது, உக்காரறப்போ தொடைக்கு நடுவுல துணியை எப்படி அமுக்கறாங்க, மாடிப்படி ஏறறப்போ கரை எந்த உயரத்துக்கு வருது. நாட்டுல இருக்கற புடவைக் கட்டுகளை ஊர் ஊரா போய்த் தொகுத்திருக்காங்க ரீத்தா கபூர் சிஷ்டி, 100-க்கும் மேல. அத்தனை கட்டுக்கும் பின்னாடி இப்படி ஒவ்வொரு வேலை இருக்கு. நாத்து நடறவங்களுக்கு ஒரு கட்டு, மீன் கூடை தூக்கறவங்களுக்கு ஒரு கட்டு.

நம்ம துணியைக் கம்ப்யூட்டர்ல அசைய விட்ட 'கோச்சடையான்' படம் 2014 மே மாசம் வந்தப்போ பலரும் பொம்மைப் படம்னு ஒதுக்கிட்டாங்க. நடிப்பைப் பதிவு பண்ணி முழுநீளப் படமா எடுக்கறதுங்கறது லேசான வேலை இல்ல. இயக்குநர் சௌந்தர்யா அதைத் தமிழ்ல தொட்டாங்க. நீதா லுல்லா துணிமணி வடிவமைச்சாங்க. துணி விழற விதம் அதுல எனக்கு ஒட்டலங்கறது உண்மை. ஆனா தைச்ச சட்டைக்குன்னு பழகின கருவியை வெச்சுக்கிட்டு, சுத்திக் கட்டற நம்ம துணியை அசைய விடறது எவ்வளவு பாடுன்னு இப்போ ஒரே ஒரு பொண்ணைக் குனிய வெக்கறதுலயே தெரிஞ்சுபோச்சு. அந்தப் படத்து மேல மரியாதை கூடியிருக்கு.

சில நடைமுறைக் குறிப்புகள், என்னை மாதிரி பழைய பெட்டி வெச்சிருக்கறவங்களுக்கு. 'செல்ஃப் கொலிஷன்'ங்கறது துணி தன் மேலயே மோதறதைப் பாக்கறது, ரொம்பக் கனமான கணக்கு. கொசுவத்தைத் தனித் துண்டா வெச்சு அதுக்கு மட்டும் போடுங்க, மிச்சத்துக்கு அணைச்சிடுங்க. உருவத்தை நேரா குனியற நிலையிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. நிமிந்து நிக்க வெச்சு, துணி அடங்கற வரைக்கும் ஃப்ரேம் விட்டு, அப்புறம் அசைய விடுங்க. கணக்கை வட்டுல எழுதச் சொல்லுங்க. ஐப்பசி கார்த்திகையில இங்க மழையும் காத்துமா இருக்கும், கரண்டு எப்போ போகும்னு யாருக்கும் தெரியாது. வெளிய காட்சி எடுக்கறதா இருந்தா காத்தையும் சேத்துக் கணக்குப் போடணும். புனிதவதி வீட்டுக்குள்ள பரிமாறினதால எனக்கு அந்தச் செலவு இல்ல.

காட்சி கிட்டத்தட்ட தயார். சிவனடியாரோட காவித் துணி மட்டும் பாக்கி, அது ஒத்தைச் சுத்துதான், சீக்கிரம் ஆயிடும்.

அடுத்தது மடிசார் பண்ணப் போறேன். ஒன்பது கஜம், எட்டு மீட்டருக்கு மேல துணி. கால் நடுவுல போய்ப் பின்னாடி ஏறற கச்சம் வேற. அதை ரெண்டு காலும் நசுக்கும், மோதல் கணக்கு என்ன ஆகப்போகுதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டுல யாரும் கட்டறதில்ல. உங்க வீட்டுல பாட்டியோ மாமியோ கட்டினா, பின்னாடி சொருகற கச்சம் எத்தனை மடிப்பு, அதுக்கு எவ்வளவு துணி போகுதுன்னு டேப் வெச்சு அளந்து சொல்லுங்களேன். அவங்க உக்காந்து எழுந்திருக்கறப்போ கையால எந்த இடத்தைப் பிடிச்சுக்கறாங்கன்னும் பாத்துச் சொல்லுங்க.